கோச்சுக் குதிரையும் குதிரைக்காரனும்

புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்று சொல்வது இலங்கைத் தமிழரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்காகும். வெள்ளவத்தையிற் கடலோரமாக ஓடும் புகையிரதத்தின் ஓசை கேட்டதும், “கோச்சி வந்துவிட்டது” என்று கூறும் முதியோரை இன்றும் காணலாம். சிங்கள மக்களும் அதனைக் ‘கோச்சிய’ என்றே வழங்குவர். குதிரை பூட்டிய வண்டியைக் குறிக்கும் ‘கோச்’ என்னும் ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது. இரும்புப் பாதை அமைவதற்கு முன்னர் இந்நாட்டின் பெருவீதிகளிலே பிரயாணிகளையும் தபாலையும் விரைந்து கொண்டுசென்றது குதிரைக் கோச்சு. அவ்வண்டி மறைந்தது, அதனை இழுத்த குதிரையும் மறைந்தது, பெயர் மட்டும் புகையிரதத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது.

அக்குதிரை எங்கிருந்து வந்தது? அதன் இயல்பு யாது? மழையும் வெப்பமும் மிகுந்த இந்நாட்டில் அதனைப் பேணிக் காத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர், முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். குதிரை இம்மண்ணுக்கு உரிய விலங்கன்று. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் அது வந்த வழி பெரும்பாலும் கடல்வழியே. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அங்கு வந்து குவிந்த பொருள்களுள் கடல்வழி வந்த குதிரைகளை முதலிற் குறிப்பிடுகின்றது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தில் அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியுடன் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும், கப்பலிற் குதிரை கொணர்ந்த வணிகன் ஒருவனின் மைந்தர் என்று மகாவமிசம் அறிமுகஞ் செய்கின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரைக்குச் சென்ற மாணிக்கவாசகர், கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையிற் கோயிற் பணிக்குச் செலவிட்ட வரலாற்றை அறியாத சைவர் இலர். நரி பரியாகிய அக்கதைக்குப் பின்னணியாக இருப்பது, குதிரைக்காகக் கருவூலத்தைத் திறந்துவிட்ட அக்காலத்து அரசர் நிலையே.

அவ்வாறு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதற்கு வருந்தத்தக்க விடையொன்றைத் தருகின்றார். அந்நாட்டு அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். காரணம் போரன்று, பேணும் முறை அறியாமையே. குதிரைகளுக்குச் சோற்றையும் சமைத்த இறைச்சியையும் உணவாக இட்டனராம். குதிரை வைத்தியம் அறிந்தவர் அந்நாட்டில் இலர். அத்தகையோர் அங்குச் செல்வதைக் குதிரை வணிகரே தடுத்தனர். குதிரைகள் மாண்டால்தானே வணிகம் பெருகும் என்பது அவர் கருத்து. பாரசீக வரலாற்றாசிரியரான வசாப் என்பாரும், ஒவ்வொரு குதிரைக்கும் 220 செம்பொற் காசு விலை பேசப்பட்டதையும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியன் விலை கொடுக்க உடன்பட்டதையும் கூறுகின்றார். அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் இருவர் உரையிலும் தெளிவாகும் பொருள் ஒன்றே: குதிரையை விலைக்கு வாங்கலாம், அதனைக் காக்கும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது.

ஈழநாட்டிலே குதிரையை வாங்குவதோடு நில்லாது வளர்க்கவும் முயன்ற இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலின் நடுவே கிடக்கும் நெடுந்தீவே அது. போத்துக்கேயர் விட்டுச்சென்ற குதிரைகளைக் கொண்டு ஒல்லாந்தர் அங்குக் குதிரை வளர்ப்பைப் பெருக்கினர் என்பர். ஒல்லாந்தரைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் அதனை நடத்தினர். வறண்ட காற்றும் ஈரமற்ற கல்நிலமும் குளம்புக்கு ஏற்றவையாயின. ஆயினும் அங்குப் பிறந்த குதிரை உருவத்திற் சிறியது. அரசாங்க உத்தியோகத்தர் ஏறிச் செல்லவும் சிறு வண்டி இழுக்கவும் அது போதும். மலையேறும் பெரிய கோச்சு வண்டியை நாள்தோறும் இழுப்பதற்கு வேறு வகைக் குதிரை வேண்டியதாயிற்று.

தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி அமைக்கப்பட்டது. அவ்வீதியில் 1832ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தபாற் கோச்சு ஓடத் தொடங்கிற்று. ஆசியாக் கண்டத்தில் ஓடிய முதலாவது தபாற் கோச்சு அதுவே என்று கூறப்படும். 72 மைல் கொண்ட அவ்வழியில், சமநிலத்தைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் எதிர்ப்படும். ஒரே குதிரை முழுவழியும் இழுத்தல் இயலாது. ஆதலின் இடையிடையே குதிரைப் பந்திகள் அமைத்து, களைத்த குதிரையை அவிழ்த்து, இளைப்பாறிய குதிரையைப் பூட்டினர். காலித் துறைமுகம் நோக்கித் தெற்கே சென்ற வீதியிலும் கோச்சு ஓடியது. கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தும் வரையில் நீராவிக் கப்பல்கள் தங்கும் முதன்மைத் துறைமுகம் காலியே. ஐரோப்பாவின் கடிதங்களும் பிரயாணிகளும் அங்கிருந்தே தலைநகரை அடைந்தனர். இன்று பேருந்துகள் நெருங்கி நகரும் வெள்ளவத்தைக் காலி வீதி, ஒருகாலத்திற் கோச்சுக் குதிரையின் குளம்பொலி கேட்ட வீதியாகும்.

இத்தகைய தொழிலுக்குப் பந்தயக் குதிரை உதவாது. அது விரைவுடையது, ஆனால் மெல்லிய எலும்பும் பதற்றமான குணமும் உடையது. ஐரோப்பாவின் உழவுக் குதிரையும் உதவாது; அது பெரும்பாரம் இழுக்கும், ஆனால் மெல்ல நடக்கும், வெப்பத்திற் சோர்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய், காலையில் வண்டி இழுத்து மாலையிற் சவாரிக்கும் உதவக்கூடிய குதிரையே தேவைப்பட்டது. அத்தேவையைக் கீழைநாடுகளில் நிறைவுசெய்தது அவுஸ்திரேலியாவின் ‘வேலர்’ என்னும் குதிரை. நியூ சவுத் வேல்ஸ் என்னும் மாநிலத்தின் பெயரிலிருந்து இப்பெயரை ஆக்கியோர் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர். 1788இல் முதற் குடியேற்றக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையில் ஏற்றிச்சென்ற ஏழு குதிரைகளோடு அந்நாட்டின் குதிரை வரலாறு தொடங்குகின்றது. பின்னர் அரபுக் குதிரையும், ஆங்கிலப் பந்தயக் குதிரையும், வண்டிக் குதிரையும், உழவுக் குதிரையும், திமோர்த் தீவின் மட்டக் குதிரையும் அங்குக் கலந்தன. பரந்த மேய்ச்சல் நிலத்திலே, நீர் அரிதாகிய நாட்டிலே, நெடுந்தொலைவு நடந்து வளர்ந்தமையால், வலியவை மட்டுமே நிலைத்தன. முற்காலத்தில் வேலர் என்பது தனிக் குலம் என்பதினும் ஒருவகைக் கலப்பினம் என்பதே பொருந்தும்.

குதிரையின் உயரத்தைத் தோள் முகட்டிலிருந்து ‘கை’ என்னும் அளவாற் கூறுவர்; ஒரு கை நான்கு அங்குலமாகும். வேலர் பெரும்பாலும் 15 முதல் 16 கை உயரமுடையது. ஆழ்ந்த மார்பும், உறுதியான முதுகும், வலிய பின்தொடையும், கடினமான குளம்பும் அதன் அடையாளங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழப்படுவது அதன் நிதானம். இரைச்சலுக்கு அஞ்சாமை, குறைந்த தீனியில் நிறைந்த வேலை, நெடுவழி தாங்கும் பொறுமை ஆகியவற்றால் அது பீரங்கி வண்டி, கோச்சு, சவாரி எல்லாவற்றுக்கும் ஏற்றதாயிற்று. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய துறைமுகங்களில் அது ஏராளமாக இறங்கியது. 1873இற் கல்கத்தாவில் தொடங்கிய திராம் வண்டிகளையும் குதிரைகளே இழுத்தன. கொழும்புக்கும் அவுஸ்திரேலியக் குதிரைகள் கப்பலேறி வந்தன.

எனினும் குணம் மிக்க குதிரையும் குறைவான கையிற் சிக்கினால் அழியும். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்பார் தம்முடைய அனுபவத்தை நூலாக எழுதியுள்ளார். இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய குதிரைக்காரன் மலைப்பாதையில் வண்டியை ஓட்டிவந்தபோது, வண்டியும் குதிரைகளும் ஏறத்தாழ 80 அடிப் பள்ளத்தில் உருண்டன. அக்குதிரைக்காரன் எசமானுக்கு எழுதிய பிழை மலிந்த கடிதத்தைப் பேக்கர் நகைச்சுவையாக எடுத்துரைப்பார். படிப்போர் நகைக்கலாம், பள்ளத்தில் வீழ்ந்த குதிரைக்கு அது நகைப்பன்று.

இந்நாட்டிற் குதிரையைப் பேணும் பொறுப்புப் பெரும்பாலும் வேறு மனிதரிடமே இருந்தது. கொழும்பிற் செல்வர் வீடுகளிலும் கச்சேரிகளிலும் வாடகை வண்டிப் பந்திகளிலும் ‘குதிரைக்காரன்’ என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் இருந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் அவருட் பலர். கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் ஐரோப்பியரும் உள்ளூர்ச் செல்வரும் தோட்டவீடுகள் அமைத்து வாழ்ந்த இடங்களாக இருந்த காலத்தில், வீட்டின் பின்புறத்துக் குதிரைப் பந்தியே குதிரைக்காரனின் உலகமாயிற்று. எசமான் வண்டியிற் செல்லும்போது அவன் குதிரையோடு கூடவே ஓடுவான். நின்ற இடத்திற் கடிவாளத்தைப் பிடித்து நிற்பான். திரும்பி வந்ததும் தான் உண்பதற்கு முன் குதிரையின் வியர்வையைத் துடைப்பான். வண்டிக்கு உரியவரின் பெயர் ஏட்டில் இருக்கும். குதிரைக்குச் சூட்டிய பெயரும் சிலவேளை இருக்கும். குதிரைக்காரனின் பெயரைக் காண்பது அரிது.

அவனுடைய அறிவு எத்தகையது என்பதைக் குதிரையின் உடலமைப்பை நோக்கி உணரலாம். ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரையின் இரைப்பை, அவ்வுடலை நோக்க மிகச் சிறியது. 8 முதல் 15 லீற்றர் கொள்ளும். மாடுபோல் அது அசைபோடுவதில்லை. உண்டதை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் இயலாது. ஆகவே ஒரே வேளையில் மிகுந்த தானியத்தை இட்டால் வயிற்றுநோவு கண்டு உருண்டு புரண்டு இறந்துவிடும். சிறிது சிறிதாய்ப் பல முறை ஊட்டுவதே முறை. முதலிற் புல், பின்னர் தானியம். நீர் தானியத்துக்கு முன். கொள்ளை ஊறவைத்தோ அவித்தோ கொடுப்பர். நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை நீர் வேண்டும்; வெயிலில் வேலை செய்தால் அதற்கும் மேற்படும். வியர்வையோடு உப்பும் வெளியேறுதலால் உப்புக் கட்டியை நக்கவிடுதலும் அவசியமாகும்.

குளம்பைக் காப்பது அடுத்த கடமை. குளம்பில்லையேல் குதிரையில்லை என்பது எந்நாட்டுக் குதிரைக்காரருக்கும் தெரிந்த செய்தி. குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மீண்டும் அடித்தல் வேண்டும். கொழும்பின் மழைக்காலத்தில் பந்தியின் தரை ஈரமாக இருந்தால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றம் வீசும். நாள்தோறும் நான்கு காலையும் தூக்கிச் சேற்றையும் கல்லையும் அகற்றி உலரவைப்பவனே அந்நோயைத் தடுக்கின்றான். கழுத்துப்பட்டை உராய்ந்து புண் உண்டாகின்றதா என்பதையும் கை வைத்துத் தடவிப் பார்த்தே அறிதல் வேண்டும். குதிரை வாய் திறந்து குறை கூறாது. அதன் குறையை அறிவது பேணுவோன் விரல்களே.

கடல் கடந்து வந்த குதிரைக்கு இந்நாட்டின் காற்றே சிலவேளை பகையாகும். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்த குதிரைகளுட் சில, நாளடைவில் வியர்க்கும் ஆற்றலை இழந்துவிடும். வியர்வையின்றி உடற்சூடு தணியாது. சிறிது ஓடியதும் பெருமூச்செறிந்து தள்ளாடும். நிழலும் நீரும் ஓய்வுமே அதற்கு முதல் மருந்து. ஆதலின் புதிதாக வந்த குதிரையைச் சில மாதங்கள் கடும் வேலையிற் பூட்டாது பழக்குவதே அறிவுடைமை.

இவற்றினும் கொடிய நோய் ஒன்று இந்நாட்டுப் பந்திகளை அச்சுறுத்தியது. நேற்று வரை நலமாக இருந்த குதிரை, இன்று பின்னங்கால்களை இழுத்து நடக்கும். சில நாளில் எழமுடியாது வீழ்ந்துவிடும். இடுப்பைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லடியாக இதனைக் ‘கும்ரி’ என்றனர். ஈரத்தரையும் குளிர்காற்றும் இதற்குக் காரணமென நெடுங்காலம் எண்ணினர். 1955ஆம் ஆண்டில் இன்னஸ், பிள்ளை என்னும் ஆய்வாளர் இருவர், இலங்கையிற் கண்ட நோயை ஆராய்ந்து, மூளையிலும் முதுகுத் தண்டிலும் புகுந்த நுண்ணிய புழுக்களே காரணமென வெளியிட்டனர். அப்புழு மாட்டின் வயிற்றறையில் வாழ்வது. மாட்டுக்கு அதனாற் பெருந்தீங்கு இல்லை. நுளம்பு மாட்டைக் கடித்தபின் குதிரையைக் கடித்தால், புழுவின் இளங்குஞ்சு தனக்கு உரியதல்லாத உடலிற் புகுந்து, வழிதவறி முதுகுத் தண்டை அடைகின்றது. பந்தியில் மூட்டிய புகையும், மாட்டுத் தொழுவத்தைத் தூரவைக்கும் வழக்கும் எவ்வளவு பயனுடையன என்பது அப்போது விளங்கிற்று. ஆனால் அவ்வுண்மை தெரிந்த காலத்திற் கொழும்பு வீதிகளிற் குதிரை வண்டி அருகிவிட்டது.

குதிரையின் இடத்தைப் பிற ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்துக்கொண்டன. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. தென்கரையோரமாக நீண்ட பாதை 1894இற் காலியை எட்டியது. 1880களில் மனிதன் இழுக்கும் றிக்சா கொழும்புக்கு வந்தது. குதிரைக்குத் தீனியும் லாடமும் பந்தியும் வேண்டும். றிக்சா இழுப்பவன் தன் உணவைத் தானே தேடிக்கொள்வான். இக்கணக்கில் மனிதன் குதிரையினும் மலிவானான் என்பது எண்ணி வருந்தத்தக்கது. 1899இல் மின்சாரத் திராம் வண்டிகள் ஓடின. அடுத்து மோட்டார் வண்டி வந்தது.

வேலர்க் குதிரைகளைக் கொழும்பு மிகுதியாகக் கண்ட நாள்கள் 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாய்த்தன. சென்னையைக் குண்டுவீசி நடுக்கிய ‘எம்டன்’ கப்பல் அழிக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள், அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல் தொகுதி கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஏறத்தாழ 30,000 வீரரும் 7,000க்கு மேற்பட்ட குதிரைகளும் அக்கப்பல்களில் இருந்தன. வீரருட் சிலர் கரையில் இறங்கி நகரைக் கண்டனர். குதிரைகளோ கப்பலின் அடித்தட்டுகளில் நின்றபடியே எகிப்தை நோக்கிச் சென்றன. 1917 ஒக்ரோபர் 31ஆம் நாள் பாலஸ்தீனத்துப் பீர்சேபாவில், நெடுநேரம் நீர் காணாத அக்குதிரைகள் பகைவர் அகழிகளைத் தாவி ஊர்க் கிணறுகளைப் பிடிக்க உதவின. அப்போரில் அவுஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்த குதிரைகள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டன. தாய்நாடு திரும்பியதாக அறியப்படுவது ஒன்றே. படைத்தலைவர் பிரிட்ஜஸ் என்பாரின் ‘சாண்டி’ என்னும் குதிரை. நோய்த் தடுப்புச் சட்டமும் கப்பற் செலவும் மற்றவற்றைத் தடுத்துவிட்டன. எசமானின் உயிரைக் காத்த விலங்குக்கு எசமானின் நாட்டில் இடம் கிடைக்கவில்லை.

இன்று இலங்கையிற் பொலிசாரின் குதிரைப்படைப் பிரிவிலும், நுவரெலியாவின் பந்தயத் திடலிலும் குதிரையைக் காணலாம். கறுவாத்தோட்டத்தில் 1893இல் தோன்றிய கொழும்புப் பந்தயத் திடல், இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாகி, இப்போது விளையாட்டரங்கமாகவும் கடைத்தொகுதியாகவும் விளங்குகின்றது. அவுஸ்திரேலியாவில் வேலர் இனத்தை மீட்பதற்கென 1986இற் சங்கமொன்று அமைந்தது. ஆட்சியற்ற வெளிகளில் திரிந்த பழைய குதிரைகளிலிருந்து அவ்வினத்தை மீண்டும் வளர்த்து வருகின்றனர்.

நம் நாட்டிலோ, பழைய குதிரை வளர்ப்பின் உயிருள்ள எச்சம் நெடுந்தீவிலே நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் குதிரைப் பந்தியின் கற்றூண்கள் கூரையின்றி நிற்க, அப்பந்தியை நிறைத்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் கூட்டங் கூட்டமாகப் புல்வெளியில் திரிகின்றன. அவற்றுக்குக் கடிவாளமில்லை, லாடமில்லை, குதிரைக்காரனும் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்நிலை வற்றும்போது தாகத்தால் அவை மடிவதுண்டு. வண்டி இழுப்பதற்காக மனிதன் கடல் கடந்து கொணர்ந்த உயிரைத் தேவை தீர்ந்ததும் வெளியில் விட்டான். அத்தீவின் ஒரு பகுதி 2015இற் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது நற்செய்தியே. எனினும் கோடைக்காலத்தில் தொட்டியில் நீர் நிறைக்கும் கை இல்லையேல், அறிவிப்பு மட்டும் குதிரையின் தாகத்தைத் தீர்க்காது.

பாண்டியனுடைய பந்திகளிற் குதிரை மாண்டது பொன்னின் குறைவாலன்று. கண்டி வீதியிற் கோச்சு ஓடியது குதிரையின் வலிமையால் மட்டுமன்று. குதிரையின் குலம் பாதியானால், அதைப் பேணும் கை மற்றைப் பாதியாகும். ‘கோச்சி’ என்னும் சொல் நாவில் எழும்போதெல்லாம், அவ்வண்டியை இழுத்த குதிரையோடு, பெயர் தெரியாத அக்குதிரைக்காரனும் நினைவுக்கு உரியவன்.